மாமனாரை வைத்த பந்தயம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பச்சைமுத்து என்று ஒருவர் இருந்தார். மனைவி போன பிறகு மகள் லோகாம்பாள் வீட்டோடு வந்து தங்கிவிட்டவர். வலை வேலையில் அவரைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. குழம்பில் புளி தூக்கல், மீனில் மண், சோறு குழைவு என்று வேளைக்கு ஒன்று கிளம்பும். மருமகன் குப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, ஏரியில் நடுத்தண்ணீருக்குப் போய்த் தனியாகத் திட்டித் தீர்ப்பான்.

ஒருநாள் காலை கோட்டைப் பீரங்கிக்காரன் ஒருவன் படகுத்துறைக்கு வந்தான். பெயர் டிர்க். குப்பத்து நாக்குக்கு அது வராததால் தீர்க்கன் ஆகியிருந்தான். கோட்டைக்குப் புதிதாக ஓர் ஆறு துடுப்புப் படகு வந்திருந்தது. அதற்கு ஈடாக இந்த ஏரியில் ஒரு கட்டைகூட மிதக்கவில்லை என்று அவன் அளந்தான். துபாஷி துளசிங்கம் பக்கத்தில் நின்று, கூடவே தன் சரக்கும் கொஞ்சம் சேர்த்து, அதைத் தமிழாக்கினார். குப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டம் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். டிர்க் உடனே தன் இறகு வைத்த தொப்பியைக் கழற்றிக் காட்டினான். தோற்றால் இது உனக்கு, நீ என்ன வைக்கிறாய் என்றான்.

குப்பனிடம் வைக்க என்ன இருக்கிறது? படகை வைத்தால் லோகாம்பாள் தோலை உரித்துவிடுவாள். சுற்றுமுற்றும் பார்த்தான். வலைக்குவியல் மேல் காலை நீட்டிக்கொண்டு, காலைக் கஞ்சியில் உப்பில்லாத கதையைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பச்சைமுத்து கண்ணில் பட்டார்.

"தோ, எங்க மாமா. இவர பந்தயமா வெக்கிறேன்."

துறையே சிரித்தது. பச்சைமுத்துவும் சிரித்தார். டிர்க் மட்டும் சிரிக்கவில்லை. பந்தயம் என்ற சொல்லின் தலைதான் அவன் காதுக்கு எட்டியது. அவர்கள் பாஷையில் 'பான்ட்' என்றால் அடமானம்; விவகாரம் தீரும்வரை பொருளைக் கையில் கொடுத்து வைக்க வேண்டும். மாமனாரை அடகு வைப்பது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டுக் கிழவரைக் கைத்தாங்கலாகக் கோட்டைக்குள் அழைத்துப்போனான். துளசிங்கம் ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். வாய் நிறைய வெற்றிலை. துப்பிவிட்டு நிமிர்வதற்குள் கோட்டைக் கதவு சாத்தியாகிவிட்டது.

காற்று சரியில்லை, ஓட்டத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று செய்தி வந்தது. பச்சைமுத்து கோட்டையிலேயே தங்க வேண்டியதாயிற்று.

முதலில் அவர் குதித்தார். துளசிங்கம் வந்து, பான்ட் என்றால் இன்னது, அடகுப் பொருளை வாங்கியவன் வாங்கினபடி கெடாமல் திருப்பித் தர வேண்டும் என்று விளக்கியதும் குதிப்பது நின்றது. கொஞ்சம் யோசித்தார்.

"கெடாமன்னா? ஒடம்பு எளைக்கக் கூடாதுல்ல?"

கூடாது என்றார் துளசிங்கம்.

அன்றோடு டிர்க்கின் நிம்மதி போயிற்று. ரொட்டி வந்தது, கல் மாதிரி இருக்கிறது என்று திருப்பினார். சூப் வந்தது, பாத்திரம் கழுவின தண்ணீர் என்றார். முட்டையும் சாராயமும் மட்டும் பரவாயில்லை என்று தினமும் வாங்கிக்கொண்டார். தரையில் படுத்தால் இடுப்பு பிடிக்கும், பொருள் சேதமாகும் என்று டிர்க்கின் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். டிர்க் துணி மூட்டைகளின் மேல் படுத்தான். கொசு கடித்தால் அவனை எழுப்பி, உன் அடமானத்திலிருந்து ரத்தம் போகிறது என்று சைகையில் காட்டினார். லோகாம்பாள் ஒருநாள் கோட்டை வாசலுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். உறைப்பு போதவில்லை என்று வாசல் சிப்பாய் மூலம் சொல்லியனுப்பினார்.

சிப்பாய்க் கொட்டடியில் மீன்பிடிக் கிழவர் ஒருவர் கட்டில் போட்டுக் குடியிருக்கிறார் என்பது கோட்டைத் தலைவர் காதுக்கு எட்டியது. எல்லோரையும் கூப்பிட்டு, இது என்ன சொல், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பந்தயம் என்பதே எங்கள் பான்ட் என்ற சொல்லிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டதுதான் என்றான் டிர்க். இந்த ஊரில் கடற்கரை மணலைத் தவிர மற்றதெல்லாம் தாங்கள் கொண்டுவந்தது என்றுதான் அவர்கள் நினைப்பு. துளசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தம் என்றால் கட்டு, இரண்டு பேரும் ஒரு பேச்சுக்குக் கட்டுப்படுவதால் பந்தயம் என்றார். துணி வியாபாரம் பேச வந்திருந்த கோதண்டம் என்ற தெலுங்கு வணிகர் விடவில்லை. அது எங்கள் பந்தெம், நீங்கள் அதற்கு வால் வைத்துக்கொண்டீர்கள் என்றார். மூவரும் கத்தினார்கள்.

பச்சைமுத்துவைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று தலைவர் கேட்கச் சொன்னார்.

"சொந்தக்காரங்கள பந்துன்னுவாங்க. அவுங்கள வெச்சி ஆடறதுதான் பந்தயம். நான் ஒருத்தன் ஒக்காந்துனுகீறேன், அப்பால இன்னா அத்தாட்சி வேணும்?"

துளசிங்கம் இதை மொழிபெயர்த்ததும் தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே ஓட்டத்தை முடித்து இந்த மனிதனை யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு போங்கள் என்று உத்தரவிட்டார்.

மறுநாள் ஏரியின் இரு பக்கமும் கூட்டம். குப்பத்துப் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் எல்லைக்கழி நட்டிருந்தது. முதலில் அதைத் தாண்டுகிற படகு ஜெயித்தது என்று பேச்சு. பச்சைமுத்துவைக் கோட்டை மதில்மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கையில் சாராயக் குவளை.

ஓட்டம் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்ல வேண்டுமே தவிர, எதுவும் சரியாக நகரவில்லை. டிர்க்கின் ஆட்கள் துடுப்பால் தண்ணீரை அடித்தார்கள். நங்கூரத்தை எடுக்க மறந்திருந்தார்கள். எடுத்த பிறகும் ஒருவன் முன்னால் தள்ள இன்னொருவன் பின்னால் தள்ளினான். குப்பன் பாயை விரித்தான், சுருட்டினான், ஓட்டை பார்த்தான். பிறகு நடுவழியில் படகை நிறுத்தி வலை வீசி மீன் பிடிக்க ஆரம்பித்தான். ஓரத்தில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த பூநாரைகள் இரண்டு படகையும் முந்திக்கொண்டு நடந்து போயின.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பச்சைமுத்துவும் முதலில் சிரித்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. டிர்க் ஜெயித்தால் அவன் தலையில் அவர். குப்பன் ஜெயித்தால் அவன் வீட்டில் அவர். இரண்டு பேரும் அவரிடமிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பாடு படுகிறார்கள். அத்தனை பேர் பார்க்கும்படி தன்னை மதில்மேல் உட்கார வைத்ததற்குப் பதில் உள்ளே எங்கேயாவது போட்டுப் பூட்டியிருக்கலாம் என்று தோன்றியது. குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது குப்பத்துக் கரையில் ஒரு கூச்சல். நிமிர்ந்து பார்த்தார். லோகாம்பாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் அடிமேல் அடி வைத்துப் போய், புருஷன் படகின் கயிற்றைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். குப்பன் கழியை எதிர்ப்பக்கமாக ஊன்றிப் பார்த்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் கழி தானாகக் கையிலிருந்து நழுவியது. படகு, வலை, துள்ளுகிற மீன், குப்பன் எல்லாம் சேர்ந்து எல்லைக்கழியைத் தாண்டின.

தோற்ற சந்தோஷத்தில் டிர்க் தொப்பியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடி, அதைக் குப்பன் தலையில் வைத்து அழுத்தினான். பச்சைமுத்துவைக் கோட்டை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து விடவும் ஆள் அனுப்பினான்.

லோகாம்பாள் ஈரச் சேலையோடு வாசலில் நின்றாள். இருவரும் ஏரிக்கரை வழியாக நடந்தார்கள். குப்பம் கண்ணில் பட்டதும் பச்சைமுத்து, ஏன் இழுத்தாய் என்று கேட்டார்.

"என்னக் கேக்காம என் நைனாவ வெக்கிறதுக்கு அவன் யாரு? வெக்கணும்னா நான் வெப்பேன்."

பச்சைமுத்து தன் துண்டை எடுத்து அவள் ஈரத் தோளில் போட்டார்.

அன்று மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குப்பன் பிடித்த மீன்தான் குழம்பு. பச்சைமுத்து ஒரு வாய் வைத்தார். லோகாம்பாளும் குப்பனும் அவர் முகத்தையே பார்த்தார்கள். புளி தூக்கலாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். லோகாம்பாள் அடுப்புப் பக்கம் திரும்பியதும் மருமகன் பக்கமாகச் சாய்ந்தார்.

"மாப்ள, அடுத்த தபா பந்தயம்னா இவள வெய்யி. எவன் இட்டுனு போறான்னு பாக்கலாம்."

குப்பனுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. லோகாம்பாள் வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள். மீனில் முள் என்றார் பச்சைமுத்து.