பார்வைக்கு வந்த புத்தகம்

நித்யா மேரியால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது. சிதம்பரத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி நூலகத்தின் கொள்முதல் பிரிவு அவள் பொறுப்பு. வியாபாரிகள் புத்தகங்களைப் பார்வைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். டாக்டர்கள் புரட்டிப் பார்த்து, வேண்டியதற்குப் பரிந்துரை எழுதுவார்கள். வேண்டாதது கடைக்கே திரும்பும். வாங்கிய பிறகுதான் நூலக முத்திரை.

முத்திரை குத்துவது ரேகாவின் வேலை. அன்று ரேகா லீவு. நித்யா விடுவாளா? போனில் பேசிக்கொண்டே மேஜையில் இருந்ததையெல்லாம் டொக் டொக்கென்று குத்தித் தள்ளினாள். கடைசியாகக் குத்தியது காது அறுவை சிகிச்சைப் படப் புத்தகம். பார்வைக்கு வந்தது. யாருமே கேட்காதது.

கடலூர் புத்தகக் கடையிலிருந்து அதைத் திரும்ப எடுத்துப் போக வந்த சகாய ஆனந்த், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மெல்ல மூடினான்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்த எடத்துல தாலியே கட்டிட்டீங்க?"

"கிண்டல் பண்ணாதடா. இதை வேற யாருக்காச்சும் விக்க முடியாதா?"

"அரசாங்க சீல் குத்தின புக்கை வித்தா என்னையத்தான் புடிச்சிகினு போவாங்க."

நாளை தேர்வுக் குழு கூடுகிறது. பரிந்துரை இல்லையென்றால் புத்தகம் நித்யாவின் தலையில்தான் விடியும். விளக்கக் கடிதம் வேறு.

"காது டாக்டர் வெண்மதி மேடம் இதைப் பாக்கவே இல்லியே. எங்க அவுங்க?" என்று நித்யா எழுந்தாள்.

"கடலூர்ல கேம்ப்புன்னாங்க."

"வண்டிய எடு."

கடலூரில் ஒரு கோயில் மண்டபத்தில் முகாம். ஒரு பெரியவரின் காதைப் பார்த்துக்கொண்டிருந்த வெண்மதியைச் சுற்றி நான்கைந்து மாணவிகள். நித்யா வாயைத் திறப்பதற்குள் டாக்டர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். நின்றார். மறுபடி புரட்டினார்.

"இங்க வாங்கடி. காலையிலேர்ந்து கையால படம் போட்டுக் காட்டறேனே, அது இதுதான்."

அவ்வளவுதான், புத்தகம் மாணவிகளின் தலைகளுக்கு நடுவே காணாமல் போனது. ஒருத்தி நிமிர்ந்தாள். "மேடம், இதுல நம்ம சீல் இருக்கே."

வெண்மதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நித்யா ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"நான் வேணாம்னு சொல்லியிருந்தா?"

"விளக்கம் எழுதிக் குடுத்துட்டு, புக்கை நானே வாங்கிக்கினு வீட்டுல காதைப் பத்திப் படிச்சிருப்பேன், மேடம்."

வெண்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க சீலுக்காக எழுதமாட்டேன். புக்கு தேவை, அதுக்காக எழுதறேன். கேம்ப், ஆபரேஷன்னு அலையறவங்க லைப்ரரிக்கு வந்து பார்த்துக்குவாங்கன்னு நெனச்சா எப்படி? நீங்க கொண்டாந்து காட்டணும்."

"அடுத்த தடவை வார்டுக்கே கொண்டாறேன், மேடம்."

"சீல் குத்தாம."

பரிந்துரை எழுதியாயிற்று. குழுவுக்குக் காட்டப் புத்தகம் வேண்டுமே என்று நித்யா கையை நீட்டினாள்.

"இந்தப் பக்கம் மட்டும், அக்கா," என்றாள் ஒரு மாணவி, தலையை நிமிர்த்தாமலே. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

சகாய ஆனந்த் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். "டீ சொல்லட்டுமாக்கா? இது இப்ப முடியாது."

"ரெண்டா சொல்லு," என்று நித்யா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள்.