வேறொருத்தர் எழுதின டிரைவர்

எங்க வீட்டுக்காரர் நல்லவர். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா மிச்சத்தைக் கேட்டா உங்களுக்கு வேற மாதிரி தோணும்.

பகல்ல லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வந்து கையில இருக்கிற கிரீஸைக் கழுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தார்னா, அப்புறம் எது கேட்டாலும் "ம்"தான். லேப்டாப்புக்குள்ள வைஃபை பிடிக்கிறதுக்குன்னு விரல் நீளத்துல ஒரு அட்டை இருக்கும். அதை வேலை வாங்குற புரோகிராமுக்குப் பேர் டிரைவர். பத்து வருஷம் முன்னாடி வந்த ஒரு மாடல் லேப்டாப்புல இருந்த அட்டைக்கு டிரைவர் எப்படி எழுதியிருக்குன்னு காட்டவே மாட்டோம்னுட்டாங்க, அதைச் செஞ்ச கம்பெனிக்காரங்க. அப்புறம் கம்பெனியையே இழுத்து மூடிட்டுப் போயிட்டாங்க. "நீங்க என்னடா காட்டுறது"ன்னு இவரே உட்கார்ந்து ஒண்ணு எழுதினார். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், திருத்திக்கலாம்னு ஊருக்கே தூக்கிக் கொடுத்தார். ஓப்பன் சோர்ஸாம். ஒன்பது வருஷமா அதைச் சீராட்டிக்கிட்டு இருக்கார். பிள்ளையா இருந்தா இந்நேரம் நாலாங்கிளாஸ் போயிருக்கும்.

அந்த மாடல் லேப்டாப் எங்க வீட்டுல ரெண்டு. ஒண்ணு அவர்கிட்ட. இன்னொண்ணை என் தலையில கட்டிட்டார்.

எனக்கு வீட்டுலேர்ந்தே வேலை. டாக்டர்ங்க பேசி அனுப்புற பதிவைக் காதுல மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டா டைப் அடிக்கணும். நடுவுல நெட் அறுந்தா அந்த ஃபைலைப் பிடுங்கி வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. யாரோ ஒருத்தரோட கல்லீரலை முக்கால்வாசி முடிச்சிருப்பேன், பொசுக்குன்னு போயிடும். வயிறு எரியுமா எரியாதா?

சொல்லாம இல்லை. தினம் சொன்னேன். "ரவுட்டரா இருக்கும்"னார். ரவுட்டரை மாத்தினோம். "சுவரா இருக்கும்"னார். சுவரை எங்கே மாத்துறது, மேஜையை மாத்தினோம். கடைசியில "என் மெஷின்ல வருதே"ன்னார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டா எனக்கு உச்சந்தலையில சுர்ருங்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி பொறுக்க மாட்டாம லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி அஞ்சு நிமிஷம் பார்த்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சார் எழுதின டிரைவர்தான் கோளாறு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, சார் ரொம்ப நல்லவர்"னான். நகத்தளவுக்கு ஒரு வைஃபை டாங்கிளை எடுத்து லேப்டாப்போட பக்கவாட்டுல சொருகினான். அதுக்கு வேற யாரோ டிரைவர் எழுதியிருக்காங்களாம், அது தானாவே பிடிச்சுக்குச்சு. அன்னியிலேர்ந்து ஒரு தடவைகூட அறுந்ததில்லை. வெளியே துருத்திக்கிட்டு இருந்த துளியூண்டு மேல கறுப்பு டேப்பை ஒட்டினேன். வாயையும் ஒட்டிக்கிட்டேன்.

அவருக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. தெரியாது. அவர் என் லேப்டாப்பைத் தொடவே மாட்டார். "யூஸர் மெஷின்ல நான் கை வச்சா சோதனை கெட்டுடும்"னு அவருக்கு ஒரு சட்டம். யூஸர் புகார் பண்றதை நிறுத்திட்டா கோளாறு தீர்ந்துடுச்சுன்னு இன்னொரு சட்டம்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் கையைக்கூடக் கழுவாம வந்து நின்னார். முகத்துல ஈயாடலை. இந்த மாதிரி டிரைவரையெல்லாம் சேர்த்து வச்சிருக்கிறவங்களோட மெயில் குழுவுக்கு ஒரு தலைவர் இருக்கார். நான் அவருக்கு நாட்டாமைன்னு பேர் வச்சிருக்கேன். அந்த நாட்டாமை தீர்ப்பு எழுதியிருந்தார். இந்த டிரைவரை யாரும் பயன்படுத்துறதாத் தெரியலை, அதனால தூக்கிடலாம்னு இருக்கோம். எழுதினவரைத் தவிர வேற ஒருத்தராவது சோதிச்சுப் பார்த்த விவரத்தோட வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதினா இருக்கட்டும், இல்லைன்னா இல்லை.

"ஒன்பது வருஷம்"னார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கலை. அப்புறம் அவரே தெளிஞ்சு, "கவலையில்லை. பதில் போட்டுட்டேன்"னார்.

"என்னன்னு?"

"ஒரு யூஸர் இருக்காங்க, தினம் எட்டு மணி நேரம், ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட அறுந்ததில்லைன்னு. நீ சோதிச்சுப் பார்த்து ஒரு நாலு வரி எழுதிடும்மா, போதும்."

வேறொருத்தர் எழுதின டிரைவர்ல ரெண்டு வருஷம் குடித்தனம் பண்ணிட்டு, இப்ப இவருக்கு எப்படிச் சாட்சி சொல்றது? பொய் எழுதவும் கை வரலை. எழுதாம இருந்தா அவர் பிள்ளை போச்சு.

புதன்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பினதும் கதவைச் சாத்திட்டு டேப்பைப் பிரிச்சேன். டாங்கிளைக் கழட்டி அலமாரியில வச்சிட்டு, அவர் டிரைவரை நம்பி வேலைக்கு உட்கார்ந்தேன். ஒரு நாளாவது உண்மையாப் பயன்படுத்திட்டு எழுதலாம்னு. முதல் அரை மணி நேரம் தேவலை. அப்புறம் ஒரு மூட்டு அறுவை சிகிச்சை போச்சு. ஒரு காது போச்சு. மத்தியானத்துக்குள்ள ரெண்டு மூலநோய் போச்சு. மேலதிகாரி ஃபோன் பண்ணி "உடம்புக்கு ஏதாவதா?"ன்னு கேட்டாங்க.

கோபத்துல ஒவ்வொரு தடவையும் மணியைப் பார்த்து ஒரு தாள்ல குறிச்சேன். அப்பத்தான் பிடிபட்டது. நான் கேட்டுக்கிட்டே அடிச்சா அறுந்துபோகலை. பதிவை நிறுத்திட்டுப் புத்தகத்துல ஒரு மருந்துப் பேரைத் தேடுறேன் பாருங்க, அந்த நாலு நிமிஷத்துல வேலையில்லைன்னு அட்டை தூங்கிடுது. தூங்கினது திரும்ப எழுந்திருக்கிறதில்லை. இவர் எப்படிச் சோதிப்பார்னு எனக்குத் தெரியும். பெரிய பெரிய ஃபைலா நாள் பூரா இறக்கிக்கிட்டே இருப்பார். அதைத் தூங்க விட்டாத்தானே எழுந்திருக்குதான்னு தெரியும்?

வியாழக்கிழமை மத்தியானம், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நாட்டாமைக்கும் குழுவுக்கும் எழுதினேன். "நான் அந்த யூஸர். இவரோட மனைவி. ரெண்டு வருஷமா நான் டாங்கிள்தான் பயன்படுத்துறேன், இவருக்குத் தெரியாது. நேத்து ஒரு நாள் இவர் டிரைவரைப் பயன்படுத்தினேன். பதினோரு தடவை அறுந்தது. வேலை கொடுத்துக்கிட்டே இருந்தா நல்லா இருக்கு. நாலு நிமிஷம் சும்மா விட்டா தூங்கிடுது, எழுப்பினா எழுந்திருக்கறதில்லை. நேரமெல்லாம் கீழே." அனுப்பிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கிட்டு நின்னேன்.

சாயங்காலம் வந்து படிச்சார். எழுந்து வந்து வாசற்படியில நின்னார்.

"ரெண்டு வருஷமா வேறொருத்தர் டிரைவர்லயா இருந்தே?"

"ஆமாங்க."

"யாரு எழுதினது?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஜாதகமா பார்த்தேன்?"

சிரிக்கலை. போய் உட்கார்ந்துட்டார். சாப்பிடக் கூப்பிட்டதுக்கு "ம்"கூட வரலை. கொன்னுட்டோமேன்னு எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது.

விடிஞ்சு பார்த்தா பதில் குவிஞ்சு கிடக்கு. முகம் தெரியாத ஒருத்தர், "எனக்கும் இதே நாலு நிமிஷம்தான். நானும் டாங்கிள் வாங்கிட்டேன். அவர் எவ்வளவு பொறுமையா எல்லாருக்கும் பதில் எழுதுவார், அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்"னு எழுதியிருக்கார். அதுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவங்க பள்ளியில அதே மாடல் நாற்பது இருக்காம், நாற்பதுலயும் டாங்கிளாம். இப்படியே பதினாறு பேர். மனசு நோகும்னு இந்த மனுஷன்கிட்ட ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நான் ஒருத்திதான்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேனே!

நாட்டாமை ரெண்டே வரி. "யூஸர்கள் இருக்காங்க, கோளாறும் தெளிவா இருக்கு. சரி பண்ணுங்க, தூக்கலை."

இவர் லீவு போட்டார். என் தாளை வாங்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டார். தன் லேப்டாப்பைச் சும்மா விட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நாலு நிமிஷம் அதையே பார்த்தார். அறுந்தது. "அடச்சே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். மத்தியானத்துக்குள்ள ஏழு வரி திருத்தினார். அவ்வளவுதான், ஒன்பது வருஷத்துக் கோளாறு ஏழே வரி. என் மெஷின்ல போட்டு, அரை மணி நேரம் சும்மாவே விட்டுப் பார்த்தோம். உடனே எழுந்துக்குச்சு. திருத்தத்துக்குக் கீழே, கோளாறைக் கண்டுபிடிச்சவங்கன்னு என் பேரைப் போட்டு அனுப்பினார். எனக்கு ஒரேயடியாச் சந்தோஷமாத்தான் இருந்தது, மறைக்கலை.

அப்புறம் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார்.

"வேற என்னவெல்லாம் என்கிட்ட சொல்லாம விட்டிருக்கே?"

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தான். ஒண்ணொண்ணா சொல்லு, எழுதிக்கிறேன்."

விரலைக் கீபோர்டு மேல வச்சுக்கிட்டு நிஜமாவே காத்துக்கிட்டு இருக்கார்.

"முதல்ல அதை மூடுங்க"ன்னேன்.

மூடினார். மூடிட்டு என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷமா மனசுக்குள்ள ஒத்திகை பார்த்து வச்சிருந்த வசனம் அத்தனையும் எங்கே போச்சுன்னு தெரியலை. அவர் பாட்டுக்குப் பேசாம உட்கார்ந்திருந்தார். நாலு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும், தூங்கலை.