ரப்பர் பாலில் செய்த மீன்வால்

பெந்தோட்டைக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் நீச்சல்குளத்துக்குக் கடல்கன்னி தேவை என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்க மீன்வால் மாட்டிக்கொண்டு நீந்த வேண்டும். வாலை அவரவரே கொண்டுவர வேண்டும். அதைப் படித்ததிலிருந்து என் தங்கை ஷாமிளா வேறு பேச்சே பேசவில்லை. ஆற்றில் நீந்தி வளர்ந்தவள். எங்கள் எஹலியகொட தோட்டத்தில் அவளுக்குக் கிடைக்கக்கூடிய வேலை ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது மட்டும்தான். அது வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தாள்.

"நீல ஜெர்சித் துணியில தச்சிரலாம்ணே."

"துணி நனைஞ்சா பாவாட மாதிரி சுத்திக்கும். ரப்பர்ல செய்வோம். நான் எதுக்கு இருக்கேன்?"

நான் தோட்டத்து ஃபெக்டரியில் ஷீட் அடிப்பவன். ரப்பர் பாலில் தண்ணீரும் கொஞ்சம் அசிட்டும் ஊற்றித் தட்டில் வைத்தால் தயிர்போல உறையும். அந்தக் கட்டியை ரோலரில் கொடுத்து மெல்லிசாக்குவோம். கடைசி ரோலரில் பள்ளம் வெட்டியிருப்பதால் ஷீட்டில் வரிவரியாக விழும். பிறகு புகையில் காயவைத்தால் தேன் நிறம். அந்த வரியை முதன்முதல் பார்த்தபோதே எனக்கு மீன் செதில் ஞாபகம் வந்திருந்தது. கழிவுத் துண்டுகளைச் செதிலாக வெட்டி, பெரிய ஷீட்டில் அடுக்கி ஒட்டினேன். துடுப்புக்குள் தண்ணீர்க் கேன் பிளாஸ்டிக். அதில் ஒரு சோடி செருப்பை இறுக்கினேன், கால் நுழைக்க.

அம்மா ஜெயம்மா வாசலில் நின்று பார்த்தார். "மேல பொம்பள, கீழ மீனு. கட்டிக் குடுக்கவும் முடியாது, கொழம்பு வக்கவும் முடியாது."

ஆற்றில் இறங்கிய உடனே ஷாமிளா தலைகீழானாள். வால் வானத்தைப் பார்த்து நின்றது. இழுத்துக் கரையில் போட்டேன்.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரப்பர் தண்ணீரைவிடச் சற்று லேசானது. போதாததற்கு உள்ளே காற்றும் அடைபட்டிருந்தது. "மேல போகத்தான பாக்கும்? பழைய கிரேக்கக்காரங்க, பாட்டுப் பாடி கப்பல்காரன மயக்குற பொண்ணுங்கள மீனா வரையல தெரியுமா? பறவை ஒடம்போடதான் பானையில வரைஞ்சாங்க. மீன்வால் ரொம்ப காலம் பொறுத்துதான் வந்துச்சு. ஒன் வாலும்…"

"நான் தண்ணி குடிச்சிட்டுக் கெடக்கேன், நீ பானைக் கதை சொல்றியா?" இருமிக்கொண்டே செருப்பைத் தேடினாள், அடிக்க. செருப்பு வாலுக்குள் இருந்தது.

காற்று வெளியேற, செதில்களுக்கு அடியில் துளை போட்டேன். டயர் கடையில் ஈயக் கட்டிகள் வாங்கித் துடுப்பில் வைத்தேன். இந்தமுறை வால் கீழே இழுக்க, தண்ணீருக்குள் நட்டுவைத்த கம்பம்போல் நின்றாள். கட்டிகளை முழங்காலுக்கு நகர்த்திய பிறகுதான் படுத்த வாக்கில் நீந்தினாள். இடுப்பிலிருந்து அலை புறப்பட்டுத் துடுப்புவரை ஓடியது. எதிர்க்கரையில் துணி துவைத்தவர்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஷாமிளா சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை தேர்வு. வாலைச் சுருட்டி உரப்பையில் போட்டு பஸ் ஏறினோம். புகை வாடை கிளம்பியது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மல்லி, மேக்க கந்தய் நே!" தம்பி, இது நாறுதே என்று பையைப் பறித்து டிரைவர் பக்கத்து இஞ்சின் மூடிமேல் வைத்தார். அதற்குமேல் யாரோ ஒரு மூட்டை அரிசியையும் ஏற்றினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, வால் எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்து ஆளுக்கு விளக்கிக்கொண்டே போனேன்.

ஹோட்டலில் பையைப் பிரித்தால் ஒரு கட்டி. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் சூட்டில் இளகும்; அமுக்கினால் தன்னோடு தானே ஒட்டும். ஒட்டியது பிறகு இரண்டாகாது. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். செதில்கள் பிய்ந்து என் கையோடு வந்தன.

மேனேஜர் குனிந்து முகர்ந்தார். "இது கடல்கன்னியா, கருவாடா?" என்று சிங்களத்தில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

காலி நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் அதற்குள் நீந்தி முடித்திருந்தாள். அவளுடைய வால் துணி. நீல ஜெர்சி. நனைந்தும் பாவாடைபோல் சுற்றவில்லை. காலோடு ஒட்டிப் பளபளத்தது. ஷாமிளா என்னைப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் போய்ச் சிங்களத்தில் வாலை இரவல் கேட்டாள். ஈர வாலை மாட்டிக்கொண்டு குளத்தின் அடியில் ஒரு முழுச் சுற்று போய் வந்தாள். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கைதட்டியது.

"நல்லா நீந்துறீங்க," என்றார் மேனேஜர். "ஆனா அவங்க இன்னைக்கே வேலைய தொடங்கலாம். ஒங்ககிட்ட வால் இல்லையே. அடுத்த மாசம் எங்க மத்த ஹோட்டலுக்கும் ஆள் எடுப்போம், அப்ப வாங்க."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உள்பக்கம் பவுடர் போட்டிருந்தா ஒட்டியிருக்காது. இல்ல, கந்தகம் கலந்து வேகவச்சா அதுக்குள்ள இருக்கிற எழை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும், அப்பறம் சூடு…"

"அண்ணே."

"என்னா?"

"எனக்கு வெளக்கம் வேணாம். வால் வேணும்."

எஹலியகொட பஸாரில் இறங்கியதும் துணிக்கடைப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன். கடைக்காரர் நீல ஜெர்சியை விரித்தார். அது எந்தப் பக்கம் அதிகம் இழுபடும், எந்தப் பக்கம் குறைவு என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.