அட்டையில் நாலாவது விதி

மூன்று ஐம்பத்தாறுக்கு லிஃப்ட் நின்றது.

ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில். ஒரு குலுக்கல், மேலே எங்கோ ஒரு முனகல், மின்விசிறி ஓய்ந்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அக்கா முதலில் பார்த்தது கைக்கடிகாரத்தை. நாலு பத்துக்குத் தம்பியின் பஸ் வரும். நிறுத்தத்தின் மூன்றாவது தூணருகே அவன் இறங்கி நிற்பான். அவள் போய் அவனை ரோட்டைத் தாண்டிக் கூட்டிவர வேண்டும். நான்கு வரிசை வண்டிகள் பறக்கும் ரோடு.

தம்பிக்கு வயது முப்பத்தொன்று. ஆட்டிசம். நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை எண்வாரியாக அடுக்கும் வேலைக்குப் போய் இன்று நாலாம் நாள். "ஆறு நாள் வரட்டும்மா, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றிருந்தார் நூலகர். முப்பத்தொரு வருடத்தில் அவன் தனியாக பஸ் ஏறியது இந்த நாலு நாள்தான்.

"பதட்டப்படாதீங்கம்மா. இதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு."

சொன்னவர் லிஃப்டில் இருந்த இன்னொரு ஆள். குடியிருப்போர் சங்கச் செயலாளர். எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் அடித்துக் கதவிடுக்கில் செருகுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் சுற்றறிக்கை. அவருடைய பதினான்காவது சுற்றறிக்கை, 'மொட்டை மாடியில் ஒலி எழுப்பிக்கொண்டு நடமாடுவோர்' பற்றியது. பெயர் போடவில்லை. மொட்டை மாடியில் முனகிக்கொண்டே நடப்பவன் அந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். அன்றிலிருந்து தம்பியின் மாலை நடை நின்றது. அக்கா இவரிடம் பேசுவதும்தான்.

சுற்றறிக்கை அவசர பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார். கேட்டார். முகம் தொங்கியது.

"மெக்கானிக் வேற கட்டடத்துல இருக்காராம். ஒரு மணி நேரம் ஆகுமாம். தயவு செய்து லைன்ல இருங்கன்னு வேற சொல்றா."

கூரியர் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடி புகார் போன்களை எடுப்பவள் அக்கா. நாளெல்லாம் அந்த வரியைத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"சார், என் தம்பி பஸ் ஸ்டாப்ல நிப்பான். வாட்ச்மேனை அனுப்புங்க."

"வாட்ச்மேன் கேட்டை விட்டு நகரக் கூடாதுன்னு..." தன் சுற்றறிக்கையையே மேற்கோள் காட்டப் போனவர் அவள் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்தார். "யோவ், நான்தான். கேட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடு. ஆமாய்யா, நான்தான் சொல்றேன்!"

நாலு பதினாலுக்கு அக்காவின் போன் அடித்தது.

"அக்கா, தம்பி இங்கதான் நிக்குது. கூப்பிட்டா வரமாட்டேங்குது."

"தொடாதீங்க. போனை அவன் காதுகிட்ட பிடிங்க. டேய் தம்பி, அக்காடா. லிஃப்ட் நின்னு போச்சு. வாட்ச்மேன் அண்ணாகூட வீட்டுக்கு வா."

மறுமுனையில் அவன் குரல், சுருதி மாறாமல்: "போன்ல அக்கான்னு சொன்னா அது அக்கா இல்ல. நாலாவது விதி."



அவன் கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் அட்டையில் இருப்பது அவள் கையெழுத்து. ஒன்று, எந்த பஸ். இரண்டு, எந்த நிறுத்தம். மூன்று, அக்கா நாலு பத்துக்கு வருவாள், வரும்வரை அதே இடத்தில் நிற்க வேண்டும். நான்கு, அக்கா தவிர யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. போனில் அக்கா என்று சொன்னாலும் நம்பக் கூடாது.

இரண்டு வருடம் முன்பு மார்க்கெட்டில் இரண்டு தடிப்பயல்கள் கீச்சுக்குரலில் "அக்கா பேசறேன்" என்று போனில் சொல்லி, அவனை அங்கேயும் இங்கேயுமாக நடக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தான். அன்றே அந்த விதியை எழுதினாள். நாற்பது முறை ஒப்பிக்க வைத்தாள்.

இப்போது அவன் ஒப்பித்தான்.

"டேய், நான்தான்டா. நிஜமா நான்தான்!"

"நாலாவது விதி."

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது கேளு, சொல்றேன்!"

"கேட்கணும்னு அட்டையில இல்ல."

நாலு இருபதுக்கு எதிர்ப்பக்கப் பள்ளி விட்டது. போனிலேயே கேட்டது: மணி, கூச்சல், ஒன்றன்மேல் ஒன்றாக ஹார்ன். அதற்கடியில் தம்பியின் முனகல் ஏறத் தொடங்கியது.

"அக்கா, காதைப் பொத்திக்கிட்டுப் பின்னாடியே போகுது. ரோட்டுப் பக்கம் போகுதுக்கா! நான் புடிச்சு இழுத்துடறேன்..."

"புடிக்காதீங்க! அண்ணா, வேண்டாம்..."

அலறல். யாரோ "ஏய், அந்த ஆளை ஏன்யா அடிக்கிறே?" என்று அதட்டும் குரல். "நான் அடிக்கலங்க, நான் வாட்ச்மேன்..." ஏதோ நொறுங்கும் சத்தம். லைன் போனது.

அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். லிஃப்ட் கதவின் இடுக்கில் விரலை விட்டு இழுத்தாள். நகம் பிய்ந்தது. கதவு அசையவில்லை.

"அங்க வேற யாரையாவது தெரியுமா சார்? யாரையாவது!"

சுற்றறிக்கை போனை நோண்டிக்கொண்டே நின்றார். சட்டென்று நிமிர்ந்தார். "ஜெராக்ஸ் கடை! ஸ்டாப்புக்குப் பின்னாடியே இருக்கு. நோட்டீஸெல்லாம் அங்கதான் போடறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். "சொல்லுங்க சார், எத்தனை காப்பி?" என்றாள் கடைக்காரம்மா.

"காப்பி இல்லம்மா! வெளியில ஒரு ஆள்..."

"ஐயோ, அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். குடிச்சிருக்கான்னு சொல்றாங்க. வாட்ச்மேனைக் கூட்டம் மடக்கி வச்சிருக்கு."

அக்கா போனைப் பறித்தாள். "குடிக்கலைங்க. அவன் என் தம்பி. ஆட்டிசம் இருக்கு. அவனைத் தொடாதீங்க, மூஞ்சியைப் பாக்காதீங்க. பேர் கேக்காதீங்க. அவனுக்கும் ரோட்டுக்கும் நடுவுல போய் நில்லுங்க. பக்கவாட்டுல. மத்தவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"கூட்டிட்டு வரவேண்டாமா?"

"வரமாட்டான்."

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

"நின்னுக்கிட்டே இருங்க."

மறுமுனையில் ஸ்டூல் நகரும் சத்தம்.

அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. அக்கா தரையில் உட்கார்ந்தாள். கடைக்காரம்மாவின் போன் அவள் இடுப்பிலோ எங்கேயோ, லைன் துண்டிக்காமல் கிடந்தது. முனகல் கேட்டது. கேட்கும்வரை அவன் இருக்கிறான். பஸ் வந்து நின்று போகும்போதெல்லாம் முனகல் காணாமல் போகும். அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். திரும்பக் கேட்கும்.

சுற்றறிக்கை கைக்குட்டையை அவள் விரலுக்குக் கொடுத்தார். வெகுநேரம் கழித்து, "ஆறு வருஷமா ஒரே கட்டடம். தொடக் கூடாதுன்னு ஒருத்தருக்கும் தெரியலையேம்மா" என்றார்.

"கேட்டீங்களா சார்?"

"நீங்க சொன்னீங்களா?"

இருவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். சண்டை போடக்கூட இடம் போதாத லிஃப்ட்.

ஐந்து முப்பத்திரண்டுக்கு மெக்கானிக் கதவைத் திறந்தான். அரை ஆள் உயரத்தில் தளம். சுற்றறிக்கை தன் முதுகைக் குனிந்து கொடுத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஆறு மாடிப் படிகள், கேட், ரோடு. வெறுங்காலில் ஓடினாள்.

மூன்றாவது தூணருகே அவன் நின்றான். மணிக்கட்டில் தானே கடித்த காயம், ரத்தம் கருத்துவிட்டிருந்தது. அவனுக்கும் ரோட்டுக்கும் நடுவே, கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்த ஒரு குண்டு அம்மாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். கிழிந்த சட்டையோடு வாட்ச்மேன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி முப்பத்தோரு நிமிஷம்" என்றான் தம்பி.

வீட்டுக்கு வந்ததும் அட்டையின் உறையைப் பிரித்தான். ஸ்கேலும் கறுப்புப் பேனாவும் எடுத்தான். மூன்றாவது விதியை நேர்க்கோட்டில் அடித்தான்.

"இது தப்பு."

"ஒரே ஒரு தடவைதானேடா..."

"ஒரு தடவை தப்புன்னா அது விதி இல்ல."

மூன்று இல்லாவிட்டால் இறங்கி நிற்க முடியாது. இரண்டை அடித்தான். இறங்க முடியாவிட்டால் ஏற முடியாது. ஒன்றை அடித்தான். நாலாவதை இரண்டு முறை படித்தான்.

"இது சரியா இருக்கு. இன்னிக்கு யாரும் ஏமாத்தல" என்று சொல்லி, அட்டையைத் திரும்ப உறைக்குள் போட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷூ வாசலில் இருந்தது. அக்கா துடைத்து வைத்த ஷூ. தம்பி தன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நூலகருக்குப் போன் செய்யப் போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

அழைப்பு மணி அடிக்கவில்லை. கதவு மெல்லத் தட்டப்பட்டது. சுற்றறிக்கை. கையில் வெள்ளைத்தாளும் பேனாவும்.

"எப்படிப் பேசணும், எப்படிப் பேசக் கூடாதுன்னு எழுதிக் குடுங்கம்மா. வீட்டுக்கு ஒரு காப்பி. ஜெராக்ஸம்மா சும்மாவே போட்டுத் தர்றாங்களாம்."

"நேத்து வேண்டியிருந்துச்சு சார் அது."

அவர் தலைகுனிந்தார். பிறகு, அவள் தடுப்பதற்குள், அறை வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். மூஞ்சியைப் பார்க்கவில்லை. பேர் கேட்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"எட்டு பதினேழு பஸ். நானும் ஸ்டாப்புக்குத்தான் போறேன். முன்னாடி நடக்கறேன்."

அவர் அசையாமல் நின்றார். அவள் வெள்ளைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வரியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். கடிகார முள் நகர்ந்தது.

உள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது.

"எட்டு பதினெட்டு. பஸ் போயிடுச்சு."