இடது காது

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எல்லாரும் சொல்வாங்க. வரட்டும். என் பட்டறையிலேயே ஒருத்தன் பேரிங்கைச் சுத்தியலால போட்டு அடிச்சா யாருக்குத்தான் வராது?

அடிக்கிறது வேற யாரும் இல்ல, என் தங்கச்சி புருஷன். ஷாஃப்ட்ல பேரிங் ஏத்தணும்னா உள் ரிங் அளவுக்கு ஒரு பைப்பை வெச்சு, அது மேல தட்டணும். வெளி ரிங்ல அடிச்சா அடி நடுவுல இருக்கிற இரும்புக் குண்டு வழியாப் போய், அது உருள்ற தடத்தைக் குழியாக்கிடும். வெளியில ஒண்ணும் தெரியாது. தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். "அடியாத மாடு படியாது அக்கா"ன்னு இளிப்பான். தங்கச்சி முகத்துக்காகப் பல்லைக் கடிச்சுக்குவேன்.

அன்னைக்கு மர மில்காரர் கியர் பாக்ஸைக் கொண்டு வந்து மேஜையில தடால்னு போட்டார். "மாட்டின மறுநாளே ஊளையிடுதும்மா. இதுக்குப் பேர் ரிப்பேரா?"

பிரிச்சேன். ஆயில் சீல் நான் மாட்டினது. ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்த்து, கோணாம உட்கார்ந்திருந்துச்சு. ஒரு சொட்டு ஒழுகல. பேரிங்கைக் கழட்டி விரலால சுத்தினேன், கரகரன்னுச்சு. அது மாப்பிள்ளை மாட்டினது.

அதுகூட எனக்கு ஆச்சரியம் இல்ல. தங்கச்சி எப்படி விட்டா? எதுவும் பட்டறையை விட்டுப் போறதுக்கு முன்னாடி அதை ஓட்டி, ஸ்க்ரூடிரைவர் நுனியை அது மேல வெச்சு, பிடியை இடது காதுல ஒட்டிக் கேட்கிறது அவ வேலை. எறும்பு தும்மினாக்கூடக் கேட்கும்னு அவளைக் கிண்டல் பண்ணுவேன்.

"காதை எங்கடி அடகு வெச்சே?"ன்னு கத்தி, அந்தப் பேரிங்கை அவ இடது காதோரம் வெச்சுச் சுத்தினேன். அவ என் வாயையே பார்த்தா.

"நல்லாத்தானே இருக்கு அக்கா."

வலது காதோரம் சுத்தினேன். திடுக்குனு விலகினா.

பேரிங்கைக் கீழே வெச்சேன். "எப்போடி?"

"போன மாசம் அறைஞ்சார். அதுல இருந்து ஒரே இரைச்சல். வெளியில ஒண்ணும் தெரியல, சரியாயிடும்னு இருந்துட்டேன்."

பாவி! இன்னொரு அறை விழுந்தா மிச்சக் காதும் போயிடும். இவளை இனி அந்த வீட்டுக்கு அனுப்புறதில்லைன்னு அங்கேயே முடிவு பண்ணேன்.

அவன் அப்பத்தான் உள்ளே வந்தான், அவளோட இடது பக்கமா. "ஏய், வீட்டுக்குக் கிளம்பு." அவ திரும்பல. "கூப்பிட்டா திரும்ப மாட்டே? அவ்வளவு திமிரா?"ன்னு முடியைப் பிடிச்சு இழுத்தான்.

நான் ஸ்பானரால அவன் தோள்ல போட்டேன். அவன் அவளை விட்டுட்டு என் வாயிலேயே குத்தினான். பல் உடைஞ்சு நாக்குல கிடந்துச்சு. கீழே விழுந்த என்னை விலாவுல மிதிச்சான், மூச்சு நின்னு வந்துச்சு. அவன் காலைக் கட்டிக் கடிச்சேன். மில்காரர் சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு "ஐயோ, ஐயோ"ன்னார். அவன் அந்தச் சுத்தியலை எடுத்து என் தலைக்கு மேல ஓங்கினான்.

இறங்கினது சுத்தியல் இல்ல, பைப். தங்கச்சி ரெண்டு கையாலயும் வீசியிருந்தா. அவன் மணிக்கட்டு நொறுங்கின சத்தம் பட்டறைக்கே கேட்டுச்சு. இன்னொரு அடி முழங்கால்ல. மூணாவதை நான்தான் தடுத்தேன், செத்துத் தொலைஞ்சான்னா இவ ஜெயிலுக்குப் போகணுமே.

சுருண்டு கிடந்து கதறினான். "செத்தேன்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி!"

அவ பைப்புல இருந்த ரத்தத்தைத் துடைச்சா. புது பேரிங்கைப் பிரிச்சு ஷாஃப்ட்ல வெச்சா. அவன் கிடந்த பக்கம் இடது காது வர்ற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, உள் ரிங்ல பைப்பை நிறுத்தினா.

"மில்காரரே, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க"ன்னா. "போற வழியில யார் கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க, இங்க ஏதோ சத்தம் வருதாம். எனக்குக் கேட்கல."