முதல் அஞ்சும் கடைசி அஞ்சும்

எங்கள் சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் இருப்பதை மைதானம் என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் முள்கம்பி. மழை பெய்தால் கோல் கம்பத்துக்கு முன்னால் குளம். ஆனாலும் நூற்றுப் பத்தொன்பது பேர் வேலை பார்க்கிற வளாகத்தில் தூசி இல்லாமல் மூச்சு விட இருப்பது அந்த ஒரு இடம்தான்.

போன வருஷம் அது கைவிட்டுப் போகப் பார்த்தது. கால்பந்து சீசன் முடிந்த மறுநாள், திங்கள் காலை, மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார். மைதானம் இருக்கட்டுமா, இல்லை அங்கே வண்டி நிறுத்தக் கூரை போட்டுத் தரட்டுமா? மைதானத்துக்கு அறுபத்தொரு கை. கூரைக்கு ஐம்பத்தெட்டு.

"அடுத்த சீசன் முடியட்டும், மறுபடி கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூரைக்குக் கை தூக்கினவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் கொதிக்கிற சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் அவர்களில் பாதிப் பேர் அந்த சீசனின் முதல் மாசம் தொண்டை கிழியக் கத்தினவர்கள். அதுதான் என்னை உறுத்தியது.

நான் கிடங்கு வாசலில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை. போன் என் மேஜைமேல் இருப்பதால் டீமுக்கு ஆட்டத் தேதி பேசுகிற வேலையும் என் தலையில். மொத்தம் பதினோரு கம்பெனி டீம். ஒவ்வொரு டீமும் மற்ற பத்தோடும் ஒரு தடவை ஆடணும். எந்த ஞாயிறு யாரோடு என்பதை நாங்களே போனில் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் கேப்டன் என் தம்பி. மூட்டை தூக்குகிறவன். போன வருஷம் அவன்தான் சொன்னான், "அக்கா, மொதல்ல லேசான டீமாப் போடு. பசங்களுக்குத் தைரியம் வரும்." போட்டேன். முதல் அஞ்சு ஆட்டமும் ஜெயித்தார்கள். கடைசி அஞ்சும் தோற்றார்கள். தைரியம் வந்த வேகத்தில் போனது. பத்தாவது ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பதினாலு பேர், அதில் நாலு பேர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள். அஞ்சு ஜெயித்ததை அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். தம்பியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினார்கள்.

இந்த வருஷம் நான் போனை எடுத்து, பலமான அஞ்சு டீமையும் முதல் அஞ்சு ஞாயிறுக்கு வரிசையாகப் போட்டேன். தம்பியிடம், "அவங்களுக்கு வேற நாள் ஒத்து வரலையாம்டா," என்று கூசாமல் பொய் சொன்னேன்.

நாலு ஞாயிறு, நாலு தோல்வி. ஹாரன் மாமாவைப் பற்றிச் சொல்லணும். ஓய்வு பெற்ற லாரி டிரைவர். பழைய லாரி ஹாரன் ஒன்றையும் பேட்டரியையும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே நிறுத்துவார். ஜெயித்தால்தான் ஒயரைச் சொருகுவார். அந்த நாலு வாரமும் ஹாரன்மேல் துணியைப் போர்த்தி, பொணத்தைக் காவல் காக்கிறவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பேட்டரியாவது வீட்ல விட்டுட்டு வரட்டுமா? கனக்குது."

"கொண்டு வாங்க மாமா. தேவைப்படும்."

நாலாவது தோல்வி அன்றைக்கு எங்களை ஜெயித்த ஓடு தொழிற்சாலையின் கிளார்க் என் தம்பியிடம் உளறிவிட்டான், தேதி கேட்டதே உங்கக்காதான் என்று. சட்டையெல்லாம் சேறோடு தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்களை வரிசையா நிக்க வச்சு அடி வாங்க விட்டியா?"

"அடி எப்படியும் வாங்கத்தான் போறே. எப்ப வாங்கறதுன்னுதான் நான் பாத்தேன்."

"தோத்துருவோம்னு முடிவே பண்ணிட்டியா நீ? கூடப்பொறந்தவளா நீயெல்லாம்?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. அன்றையிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தினான். எடைமேடையைத் தாண்டும்போது லாரி டயரைப் பார்த்துக்கொண்டே போவான்.

அடுத்த ஞாயிறு மழை. ஐஸ் பேக்டரியோடு ஆட்டம் நடக்கவில்லை. டீம்களிலேயே பெரிய டீம் அது. அவர்களுக்கு ஒத்து வந்த ஒரே வேறு நாள் கடைசி ஞாயிறு. என் திட்டத்தின் வாலில் நானே கல்லைக் கட்டின மாதிரி ஆனது. போதாக்குறைக்கு, அதற்கடுத்த ஞாயிறு லேசான டீம் என்று நான் நினைத்த சோப்பு கம்பெனியும் எங்களைத் தோற்கடித்தது. அஞ்சுக்கு அஞ்சு தோல்வி. கேண்டீனில் ஒருத்தன் சத்தமாகவே கேட்டான், "கூரைக்குத் தகரமா, ஆஸ்பெஸ்டாஸ் சீட்டா?" யாரும் அவனை அடக்கவில்லை.

அப்புறம்தான் அச்சுக்கூடத்தை ஜெயித்தார்கள், ஒன்று பூஜ்யம். ஹாரன் மாமா ஒயரைச் சொருகுகிற அவசரத்தில் மூன்று தடவை தவறவிட்டார். நாலாவது தடவை அது அலறியதில் முள்கம்பிமேல் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. அடுத்த வாரம் மறுபடி ஜெயித்தார்கள். அதற்கடுத்த வாரம் பாதிக் கிடங்கு வந்தது. நாலாவது வெற்றியன்று ஆட்கள் மூட்டைக் குவியல்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தகரமா சீட்டா என்று கேட்டவன் மேளத்துக்கு எண்ணெய் டின் தேடிக்கொண்டிருந்தான்.

ஆனால் கடைசியில் ஐஸ் பேக்டரி நின்றது. தோற்றால் நாலு வெற்றி, ஆறு தோல்வி, அதுவும் முடிவில் தோல்வி. மறுநாள் காலை கை தூக்கணும். போன வருஷத்து மூன்று கை இந்த வருஷம் கிடைக்காது.

அன்றைக்கு ஒருத்தர் விடாமல் வந்தார்கள். முதல் பாதியில் ஐஸ் பேக்டரி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் தம்பி தலையால் முட்டிச் சமன் செய்தான். முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது எங்கள் வெல்டர் எதிர் டீம் ஆளைத் தடுக்கி விழவைக்க, நடுவர் பெனால்டி கொடுத்தார். எங்கள் கோல்கீப்பருக்குப் பட்டப்பெயர் பல்லி. அவன் இடது பக்கம் பாய்ந்து பந்தோடு தரையில் ஒட்டிக்கொண்டான். எழுந்த வேகத்தில் தம்பிக்கு எறிந்தான். மூட்டை தூக்கின கால், ஓட்டம் அழகாக இருக்காது. ஆனால் நிற்காது. சரிவு பக்கமாகவே ஓடி, கோல் முன்னால் பந்தைத் தள்ளினான். பெனால்டிக்குக் காரணமான பாவத்துக்குத் தலையில் கை வைத்தபடி ஓடிவந்த வெல்டரின் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே போனது. அவன் பந்தைப் பார்க்கக்கூட இல்லை. எல்லாரும் தன்மேல் விழ ஓடிவருவதைப் பார்த்து, அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பி ஓடினான்.

ஹாரன் மாமா ஆட்டம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் ஒயரைச் சொருகினார், அப்புறம் கையை எடுக்கவே இல்லை. பேட்டரி செத்த பிறகும் வாயாலேயே ஊதினார். தம்பியைத் தோளில் தூக்கிக் கிடங்கைச் சுற்றி வந்தார்கள். ஊர்வலம் எடைமேடைக்கு வந்ததும் அப்படியே மேலே ஏறினார்கள். நான் அறைக்குள் போய்த் திரையைப் பார்த்தேன். ஏழு டன் சொச்சம்.

தம்பி தோளிலிருந்தபடியே ஜன்னலுக்குள் குனிந்தான். ஒன்றரை மாசத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. "எவ்ளோ காட்டுது?"

"அதுல உன் தலைக்கனம் ஒரு டன்."

"சோறு இருக்கா வீட்ல?"

"வா."

மறுநாள் காலை கூரைக்குக் கை தூக்கினது ஒன்பது பேர். மேனேஜர் எண்ணிவிட்டு, கையிலிருந்த தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷமும் அஞ்சு ஜெயிச்சு அஞ்சு தோத்தீங்க. ஆறாவது இடம். இந்த வருஷமும் அதேதான், அதே ஆறாவது இடம். என்னத்துக்கய்யா இந்த ஆட்டம் ஆடறீங்க?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார், நெறஞ்சு வந்து காலியாப் போற லாரியும், காலியா வந்து நெறஞ்சு போற லாரியும் கழிச்சுப் பாத்தா ஒரே எடைதான். வெளிய போறப்போ ஸ்பிரிங்கைப் பாருங்க. ஒண்ணு குதிக்கும், ஒண்ணு அழுத்திப் போகும்."

மேனேஜர் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மைதானம் இருக்கட்டும். மொதல்ல அந்தக் குளத்தைத் தூர்த்துத் தொலைங்க," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஐம்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். கூரை கேட்ட ஒன்பது பேரில் நாலு பேர் கூடை தூக்கினார்கள். தம்பி சரிவிலிருந்து மண்ணை வெட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, அடுத்த வருஷமும் இதே வரிசைதானா?"

"இதே வரிசைதான். மொத அஞ்சுல ஒண்ணு ஜெயிச்சுக் காட்டு, நான் உன்னைத் தப்பா எடை போட்டேன்னு ஊர் பூரா சொல்றேன்."

"ரெண்டு," என்றான் தம்பி. கூடையை நிரப்பி என் தலையில் ஏற்றினான்.