கவிழ்த்துப் போட்ட ஃபோம்

அக்காவுக்கு மறுநாள் துப்பாக்கி சுடும் போட்டி. அவளுடைய ரைஃபிள் புதுப் பெட்டிக்குள் ஆடாமல் இருக்க, சோபா தைக்கும் தம்பி தடித்த ஃபோமில் இடம் வெட்டிக்கொண்டிருந்தான். ரைஃபிளைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்தக் காகிதத்தை ஃபோம்மேல் வைத்து அடிவரை அறுத்து முடித்தபிறகுதான் அவனுக்குப் பகீரென்றது.

"ஐயோ அக்கா! காகிதத்தைக் குப்புறப் போட்டு வெட்டித் தொலைச்சிட்டேன். எல்லாம் இடம் வலமா மாறிப்போச்சு. வேற ஃபோமும் இல்ல."

"பெட்டி அடியில பசை போட்டு ஒட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் எதுக்குடா ஒப்பாரி வைக்கிற? ஃபோமையும் கவுத்துப் போடு!"

கவிழ்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ரைஃபிள் கச்சிதமாகப் பொருந்தியது. அக்கா பெட்டியை மூடிக் குலுக்கினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தம்பி அசடு வழியச் சிரித்துக்கொண்டே பசை டப்பாவைத் திறந்தான்.